வயிற்றுக்குள் ஒரு மெத்தை

டிங்கர் ரத்த வாந்தி எடுத்தபோது காலை மணி பதினொன்று. அன்றைக்கு அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. பட்டறையில் இருந்தவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், குடிக்காத நேரத்தில் ரத்தம் வருவது சட்டவிரோதம் என்பதுபோல.

லாரிக் கதவு ஒன்றுக்கு ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். தகரத்துக்குப் பின்னால் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டுகிற வேலை. ஓங்கி அடித்தால் தகரம் இழுத்துக்கொள்ளும், மெதுவாக அடித்தால் ஒடுக்கு நகராது. முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் கை தானாகவே அளவு பார்த்துத் தட்டும். மழை வருகிறேன் வருகிறேன் என்று நாலு நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. பட்டறைக் கூரைக்குக் கீழே ஒரே புழுக்கம். கட்டை தரையில் விழுந்த சத்தம் கேட்டுப் பெயிண்டர் திரும்பினான். யாரோ சிவப்புப் பெயிண்டைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து அவன் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அப்புறம்தான் டிங்கர் மண்டி போட்டிருப்பதைப் பார்த்தான்.

அவர் மனைவி அப்போது மருந்துக் கடையில் ஒரு பெரியவருக்கு அட்டையிலிருந்து ஆறு மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தாள். கடை முதலாளிக்கு வயதாகிவிட்டது, கண்ணும் மங்கல். பதினைந்து வருஷமாகக் கல்லாவைத் தவிர மற்றதெல்லாம் அவள்தான். தெருவில் எல்லோருக்கும் அவள் மாத்திரை அக்கா. டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்கள் முதலாளியிடம் போக மாட்டார்கள், அவள் முன்னால் வந்து நின்று நாக்கை நீட்டுவார்கள். அவளும் பார்ப்பாள். பாதி டாக்டர் என்று யாராவது சொன்னால், "மீதிப் பாதி எங்க போச்சு?" என்று கேட்பாள்.

போன் அடித்தது. பெயிண்டர்.

"அக்கா, அண்ணன் ரத்தமா வாந்தி எடுக்குறாருக்கா. கொஞ்சநஞ்சம் இல்ல. ஆட்டோ சொல்லியாச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "காலையில மெத்தை போட்டாரா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஆறு மணிக்கு அவள்தான் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாள், அவள் கண் முன்னால்தான் அவர் விழுங்கினார். கத்தரிக்கோல் கையிலேயே இருக்க, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினாள். எதிர்ப்பட்ட ஆட்டோக்காரன் கத்தரிக்கோலைப் பார்த்து ஒரு எட்டுப் பின்வாங்கினான்.

மெத்தை என்றால் வேறொன்றும் இல்லை. பாதி மஞ்சள், பாதி பழுப்பு நிறத்தில் இருக்கிற வயிற்றுக் கேப்ஸ்யூல். ஏழு வருஷத்துக்கு முன்னால் டிங்கர் வயிறு எரிந்த எரிச்சலில், தரையில் குப்புறப் படுத்து சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியை வயிற்றுக்குக் கொடுத்துக்கொண்டு கிடந்தார். கஞ்சி குடித்தாலும் எரிந்தது, தண்ணீர் குடித்தாலும் எரிந்தது. அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. கடையிலிருந்து ஒரு அட்டை கொண்டுவந்தாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு. மூன்றாம் நாள் டிங்கர் எழுந்து உட்கார்ந்து, "மாயமா இருக்கு" என்றார். அதோடு எரிச்சல் போனது போனதுதான்.

பட்டறைக்குத் தெரிந்துவிட்டால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து பாருக்குப் போகிறவர்கள் முதலில் மருந்துக் கடை வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். "அக்கா, டிங்கருக்குக் குடுக்குறதுல ஒண்ணு." அவள்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "போய் விழத்தான் போறீங்க, கீழ ஒரு மெத்தையாவது விரிச்சுக்கிட்டு விழுங்க." பேர் ஒட்டிக்கொண்டது. கடையில் அந்த டப்பா முதலில் மேல் தட்டில் இருந்தது. கேட்டுக் கேட்டு எடுக்கக் கை வலித்ததால் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தாள். குடிக்காதே என்று சொல்லி எந்த ஆண்பிள்ளை கேட்டான், குடிக்கிற வயிற்றையாவது காப்பாற்றுவோம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. தெருவில் மற்ற குடிகாரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தபோது, அவள் வீட்டுக்காரர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். காரம், புளிப்பு எதற்கும் அஞ்சவில்லை. சனிக்கிழமைக்கு மட்டும் என்றிருந்த குடி எப்போது தினமும் என்று ஆனது என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நீளப் பெஞ்சு. பெயிண்டர் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தத்தோடு சுவரில் சாய்ந்து நின்றான். எப்போதும் ஒன்றுக்கு நாலு பேசுகிறவன்.

"எவ்வளவு போச்சுடா?" என்றாள்.

"பட்டி குழைக்கிற தட்டு இருக்குல்லக்கா, அது ரொம்பிச்சு. அப்புறம் தரையில. அண்ணன் என்னைப் பாத்து, பக்கத்துக் கதவுல படாம பாத்துக்கடா, புதுப் பிரைமர் அடிச்சிருக்குன்னாரு. அதோட கண்ணு சொருகிடுச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மனதுக்குள் ஒரே கேள்வி: மாத்திரை போட்டும் புண் எப்படி வந்தது? போலி சரக்கா? தேதி முடிந்ததா? வெட்டுகிறபோது தேதி இருக்கிற பக்கத்தைக் கடைசி வரை விட்டு வைப்பது அவள் வழக்கம். அதில் தப்பு வர வழியே இல்லை. இருந்தாலும் ஏழு வருஷ அட்டைகளையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு. முகத்தில் தூக்கம் நின்றது.

"ரத்த வாந்தி எடுத்தவரோட சம்சாரம் யாரு?"

"நான்தாங்க டாக்டர். புண்ணுதானே? வயித்துலயா, குடல்லயா? நான் மெடிக்கல்லதான் வேலை பாக்குறேன். நீங்க சொல்லுங்க, புரியும்."

"உக்காருங்கம்மா. இப்ப ரத்தம் நின்னுருக்கு. உயிருக்கு இந்த நிமிஷம் ஆபத்து இல்ல. ஆனா புண்ணு இல்ல."

"புண்ணு இல்லையா?"

"குழாய் விட்டுப் பாத்துட்டோம். வயித்துல ஒரு கீறல் இல்ல. இத்தனை வருஷம் குடிச்சவருக்கு இப்படி ஒரு வயித்த நான் அதிகம் பாத்ததில்ல."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குப் பெருமையாக இருந்தது. பிற்பாடு அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது அந்த ஒரு நொடிதான்.

"அப்ப அவ்வளவு ரத்தம் எங்கேருந்து டாக்டர்?"

"லிவர் கெட்டுப்போச்சும்மா. கல்லு மாதிரி இறுகிடுச்சு. ரத்தம் அதுக்குள்ள போக முடியாம பின்னாடி தேங்குது. தேங்கித் தேங்கி, உணவுக்குழாய் அடியில இருக்குற ரத்தக்குழாயெல்லாம் புடைச்சுக்கும். அதுல ஒண்ணு வெடிச்சிடுச்சு. ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கோம்."

"லிவரா?" என்றாள். கேட்டதையே திருப்பிச் சொல்ல மட்டும்தான் அவளால் முடிந்தது.

"இது ஒரு நாள், ரெண்டு நாள்ல வர்றதில்ல. நடுவுல அவருக்கு வயித்து வலி, எரிச்சல் ஒண்ணுமே வந்ததில்லையா? பொதுவா இவ்வளவு குடிக்கிறவங்க வயித்துக்காகவாவது எங்ககிட்ட வருவாங்க. அப்ப ரத்தம் எடுத்துப் பாத்தா லிவரும் தெரிஞ்சுடும்."

"வந்துச்சுங்க. ஏழு வருஷம் முன்னாடி. நான்தான் வெறும் வயித்துல கேப்ஸ்யூல் குடுத்துச் சரி பண்ணேன். அன்னையிலேருந்து ஒரு நாள் தவறினதில்ல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். "யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் இல்லைங்க. நானேதான்."

தூரத்தில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு போனது.

"மாத்திரை மேல தப்பு இல்லம்மா" என்றாள் டாக்டரம்மா. திட்டுகிற குரலில் இல்லை, அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. "அது வயித்துல சுரக்குற ஆசிட்டைக் குறைக்கும். அந்த ஒரு வேலைதான் அதுக்குத் தெரியும், அத ஒழுங்கா செஞ்சிருக்கு. ஆனா குடிக்கிறது வயித்தோட நின்னுடுறது இல்லையே. ரத்தத்துல கலந்து நேரா லிவருக்குப் போகுது. அங்க அந்த மாத்திரை ஒண்ணும் செய்யாது. வயித்துக்கு வலிக்கத் தெரியும்மா. லிவருக்கு லேசுல வலிக்காது. வலி தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அதோட வாயை அடைச்சாச்சு."

"இனிமே?"

"இனிமே ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. போனா, அடுத்த தடவ இங்க வந்து சேர நேரம் இருக்காது. விட்டுட்டா, மிச்சம் இருக்குற லிவர வச்சு ஓட்டலாம். எவ்வளவு நாளுன்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

சாயங்காலம் டிங்கரின் அக்கா வந்தாள். இஸ்திரிக் கடையில் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டவள், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு தூக்கில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன.

"ஒரு வாய் தின்னு. நீயும் விழுந்துட்டா அவன யாரு பாக்குறது?"

"எறங்காது அண்ணி."

"எறங்கும், மென்னு முழுங்கு." அண்ணி முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டே பேசினாள். அவளுக்குக் கை சும்மா இருந்தால் வாயும் ஓடாது. "உன்னைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லம்மா. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்த. என் வீட்டுக்காரன நான் அப்படிப் பாத்திருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பான். இவன் கொழுப்பு, குடிச்சான். அப்ப ஒரு தடவ விட்டானே, ஞாபகம் இருக்கா உனக்கு? வயித்து வலின்னு சுருண்டு கெடந்தானே, அப்ப. மூணு வாரம் பாட்டில் பக்கம் தலைவச்சுப் படுக்கல. நான் வந்தப்ப உங்க வீட்டுச் சமையக்கட்டு அலமாரிக்குக் கீல் மாத்திக்கிட்டு இருந்தான். அக்கா, இனிமே அந்தக் கருமத்தைத் தொட மாட்டேன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணான். நானும் நம்பினேன். அப்புறம் என்னதான் ஆச்சோ, நல்லா ஆனதும் மறுபடி போயிட்டான் சண்டாளன்."

கையில் இருந்த முட்டையை அவள் தூக்கிலேயே திரும்ப வைத்தாள்.

அந்த மூன்று வாரத்தை அவள் இத்தனை நாளும் கஷ்டகாலம் என்றுதான் நினைத்து வைத்திருந்தாள். இப்போதுதான் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தவர். கஞ்சிக் கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்த்தவர். அலமாரிக் கதவு இன்றைக்கும் சத்தமில்லாமல் மூடுகிறதே, அது அந்த மூன்று வாரத்தில் போட்ட கீல். நாலாவது வாரம் அவள் கேப்ஸ்யூல் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றது. பத்தாம் நாள் அவர் வாயில் மறுபடி வாடை. அவள் சண்டை போட்டாள். அவர் வயிற்றில் தட்டிக் காட்டி, "இப்பதான் ஒண்ணும் செய்யலையே" என்றார். அவளும், அதுதான் செய்யவில்லையே என்று விட்டுவிட்டாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணிக்குள் துணியைத் திணித்தது அவள் கைதான்.

"அண்ணி" என்றாள். "அவரு நல்லா ஆனதாலதான் அண்ணி மறுபடி போனாரு."

"என்னடி சொல்ற?"

"நான்தான் அண்ணி நல்லாக்குனேன்."

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் உரித்த ஓட்டையெல்லாம் பொறுக்கித் தூக்கின் மூடியில் போட்டாள்.

மறுநாள் டிங்கருக்கு நினைவு நன்றாகத் தெளிந்துவிட்டது. கண்ணின் வெள்ளை, பழைய பேப்பர் மாதிரி மஞ்சளாக இருந்தது. இத்தனை நாளும் அவள் அதைப் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறாள். வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டு அப்படி ஆகிவிட்டது என்று அவர் சொன்னார், அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

"வயிறு சூப்பரா இருக்காமே?" என்றார் டிங்கர். குரல் கம்மியிருந்தது. "நர்ஸம்மா சொல்லுச்சு. உன் மெத்தைதான்."

"பேசாதீங்க."

"ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க? பொழைச்சுட்டேன்ல."

அவள் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை, அண்ணி சொன்னதை, தனக்கு நினைவு வந்ததை, எதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல், கையில் ஊசி ஏறியிருந்த இடத்தின் பிளாஸ்திரியைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் கையின் பெருவிரல் நகம் சுத்தியல் அடி பட்டுக் கறுத்திருந்தது.

டிங்கர் அந்தக் கறுத்த நகத்தை மற்றக் கைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"துருவச் சுரண்டாம மேல பட்டி பூசிட்டோம்" என்றார். "நானே எத்தனை வண்டிக்காரன ஏசியிருக்கேன். மேல பளபளன்னு இருக்கும், விரலால அமுக்குனா உள்ள போயிடும்."

"நான்தாங்க பூசுனேன்."

"அட நீ வேற. நீயா வாயத் தொறந்து ஊத்தி விட்ட? குடிச்சது நான்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. இருமல் அடங்கிய பிறகு, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், வானம் மூடியிருக்கிறது என்று சொல்கிற மாதிரி, ஒன்று சொன்னார். "ஆனா ஒண்ணு. வலிச்சப்ப பயந்தேன். நெஜமா செத்துடுவேன்னு பயந்தேன். வலி போச்சு, கூடவே பயமும் போயிடுச்சு."

அவள் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் சிலது தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கி வரவேண்டும். சீட்டின் முதல் வரியைப் படித்ததும் அவள் அதை டாக்டரம்மாவிடமே திருப்பி நீட்டினாள்.

"டாக்டர், இது அந்தக் கேப்ஸ்யூல்."

"ஆமாம்மா. வளையம் போட்ட இடம் புண்ணாகும். அது ஆறுற வரைக்கும், ஒரு மாசம் மட்டும்."

"இதையா திரும்பவும்?"

"மருந்து ஒண்ணுதாம்மா. எதுக்குக் குடுக்குறோம், எவ்வளவு நாளைக்குக் குடுக்குறோம்கிறதுதான் வேற."

வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் பழகிய வழியில் தன் கடைக்கே போய் நின்றது. முதலாளி அவளைப் பார்த்து எழுந்து நின்றார். பதினைந்து வருஷத்தில் அவளுக்காக அவர் எழுந்து நின்றதில்லை. அவள் உள்ளே போய்ச் சீட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியாக இடுப்பு உயரத் தட்டில் இருந்த டப்பாவைத் தொட்டாள். மூன்று நாள் அவள் இல்லாததில், ஒன்றிரண்டு அட்டை மட்டும் தாறுமாறாகக் கிழிபட்டிருந்தது. கத்தரிக்கோல் கிடைக்காமல் முதலாளி கையால் பிய்த்திருக்கிறார். கத்தரிக்கோல் அவள் பையில் இருந்தது.

மணி இரண்டு. பட்டறை விட்டிருந்தது. பெயிண்டர் தலைமுடியெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் தூசியோடு வாசலில் வந்து நின்றான். பின்னால் தெருவில் இன்னும் மூன்று பேர் காத்து நின்றார்கள்.

"அக்கா! வந்துட்டீங்களா? அண்ணன் எப்படி இருக்காரு?"

"கண்ணு முழிச்சிருக்காரு."

"நல்லவேளை. நான் ரெண்டு நாளா கண்ண மூடலக்கா, மூடுனா அந்தத் தட்டுதான் தெரியுது. இன்னைக்கு ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வரும்." கையை நீட்டினான். உள்ளங்கையை விரித்து, ஏழு வருஷமாக நீட்டுகிற அதே மாதிரி. "மெத்தை ஒண்ணு குடுங்க. நேத்து மெத்தை இல்லாம உக்காந்தேன், ரெண்டு மடக்குக்கு மேல எறங்கல. அப்படி ஒரு எரிச்சல். கிளாஸ அப்படியே வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்னா பாத்துக்கங்க."

டப்பா அவள் கையில் இருந்தது. அவள் அதைக் கையில் பிடித்தபடியே அவனைப் பார்த்தாள். முப்பத்து நாலு வயசு. அவன் கண்ணின் வெள்ளை எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதல் தடவையாகப் பார்த்தாள்.

"வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டியா?"

"பின்ன? தீயா எரியுது."

"எரியட்டும்" என்றாள்.

பெயிண்டர் சிரித்தான். அவள் கேலிக்காரி என்று தெரு முழுக்கத் தெரியும். பின்னால் நின்ற மூவரும் சிரித்தார்கள்.

"எரியட்டும்டா. எரியிறப்பவே டாக்டர்கிட்ட போ. ரத்தம் எடுத்து லிவரப் பாக்கச் சொல்லு. இனிமே இத என் கையால எந்தக் குடிகாரனுக்கும் குடுக்க மாட்டேன்." டிங்கருக்கு ஒரு மாசத்துக்கானதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, டப்பாவை ஏணி போட்டு எட்ட வேண்டிய பழைய மேல் தட்டில் வைத்தாள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குக் குனிந்துகொண்டார்.

பெயிண்டரின் சிரிப்பு நின்றது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா இது, ஆளுக்கு ஒரு நியாயம்? அண்ணனுக்கு மட்டும் ஏழு வருஷம், ஒரு நாள் விடாம கையில வச்சுக் குடுத்தீங்கல்ல?"

தெருவில் நின்றவர்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஏணியிலிருந்து இறங்கி, டிங்கரின் மருந்தையெல்லாம் பையில் போட்டு, அதன் வாயை இரண்டு முடிச்சாக முடிந்தாள்.

"குடுத்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரியில நாலு மணிக்கு உள்ள விடுவாங்க. வந்து பாரு."